அறுத்தவர்: பச்சையம்மாள்

போன மாதம் பேத்திக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் காந்தி ரோட்டுக்குப் போயிருந்தோம். மொத்தம் பதினோரு பேர். ஒரு புடவைக்குப் பதினோரு பேர் எதற்கு என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒருத்தி போதும், பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் மிச்சம் பத்துப் பேர். எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு காபியும் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் பட்டோடு புழங்கியவன் என்ற மரியாதைக்காக, பேத்தி மட்டும் ஒரு புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போட்டாள். அதன் ஓரத்தில் வழவழவென்று ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் ஒரு பெண்ணின் படம், பெயர், கீழே கட்டம் கட்டமாக ஒரு கறுப்புப் புள்ளிக்கோலம்.

“தாத்தா, இத ஸ்கேன் பண்ணா நெய்தவங்களே வந்து பேசுவாங்க, பாருங்க” என்று செல்போனை நீட்டினாள். பேசவும் செய்தார்கள். படத்திலிருந்த பெண் தறியில் உட்கார்ந்து, இந்தப் புடவையை உங்களுக்காகவே நெய்தேன் என்று சிரித்தாள்.

அந்த அட்டையை நான் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். கடைசியிலும் அப்படித்தான் நினைப்பீர்கள், ஆனால் அதற்குள் நாம் கொஞ்சம் பழகியிருப்போம்.

புதுப் பட்டைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும். நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். கஞ்சியும் சாயமும் கொஞ்சம் உயிரினத்தின் நெடியும் கலந்தது. கடையில் என்னென்னவோ தெளித்து வைத்திருந்தும் அது மூக்கில் ஏறிவிட்டது. ஏறியதும் நான் போய் நின்ற இடம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் பின்கட்டு அறை. ஒரு மேஜை, ஒரு மைக்கூடு, கட்டுக் கட்டாக மஞ்சள் தாளில் அச்சடித்த சீட்டுகள். அறுபதுகளின் கடைசியில் அங்கேதான் என் உத்தியோகம் தொடங்கியது.

எனக்கு ஊர் ஓரிக்கைக்கு அந்தப் பக்கம், பாலாற்றங்கரை. நெல்லும் வேர்க்கடலையும் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பத்தாவது முடித்த எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் கையெழுத்து. அச்சடித்த மாதிரி இருக்கும். சங்கத்துத் தலைவர் என் விண்ணப்பத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கை நமக்கு வேண்டும் என்றாராம். அந்த வார்த்தையை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கையெழுத்து நன்றாக இருப்பவனுக்குத் தான் எழுதுவதெல்லாமே நன்றாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது.

ஆனால் அந்தத் தெருக்களின் தமிழ் எனக்குப் புரியவில்லை. ஏழு மைல் தள்ளிப் பிறந்தவன்தான், இருந்தாலும் திண்டாடினேன். முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து, தார் தீர்ந்துபோய்த் தறி நிற்கிறது என்றார். தார் என்றால் எனக்கு வாழைத்தார். தறிக்கும் வாழைக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன். நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டைத் தார் என்பார்கள். நாடா என்பதும் பாவாடை நாடா இல்லை, தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. பக்கத்து மேஜை தணிகாசலம் என் முழியைப் பார்த்து, மாலையில் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், புடவையைத் தடவியே இது யார் கை என்று சொல்லக்கூடியவர்.

இன்னொரு நாள் ஒருவர் பொட்டலத்தில் அதிரசம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, “நம்ம வீட்டுல அறுத்தாச்சு சார்” என்றார். நான் வாழ்த்துச் சொன்னேன். எங்கள் ஊரில் அறுப்பு என்றால் நெல் அறுப்பு. இவருக்கும் எங்கேயோ நிலம் இருக்கிறது போல என்று நினைத்து, எத்தனை மூட்டை என்று வேறு கேட்டுவைத்தேன். அவர் சொன்னது புடவையை. நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதை அங்கே அறுப்பது என்பார்கள். இருபது நாள், ஒரு மாதம் என்று கால் வலிக்க மிதித்து, அது கைக்கு வருகிற நாள் அது. அந்த நாளில் வீட்டில் பாயசம் இருக்கும், குழந்தைகளுக்கு அடி விழாது. அந்தத் தெருக்களில் அதைவிட மங்களமான வார்த்தை கிடையாது.

அதே வார்த்தையோடு ஓர் எழுத்தைச் சேர்த்து ‘அறுத்தவ’ என்றால் தாலி அறுத்தவள். குழாயடியில் சண்டை முற்றினால் கடைசியாக வந்து விழும் வார்த்தை அது. இரண்டையும் ஒரே வாய்கள்தான் சொல்லின. காலையில் அறுத்தாச்சா என்று சந்தோஷமாக விசாரித்த பெண்ணே சாயங்காலம் எதிர்வீட்டுக்காரியை அறுத்தவளே என்று ஏசுவாள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் எப்படி இத்தனை காலம் அக்கம்பக்கமாக இருந்தன என்று எனக்கு ஆச்சரியம். அவற்றைத் தொட வைத்தவன் நான்தான்.

மேஜைமேல் இருந்த மஞ்சள் சீட்டைச் சொன்னேன் இல்லையா, புடவைக்கு ஒரு சீட்டு. உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், அறுத்த நாள், அறுத்தவர். யாரோ தெருப் பேச்சை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். நான் நிரப்பி, நாலாக மடித்து, புடவை ஓரத்தில் நூலால் கட்ட வேண்டும். அது சும்மா கட்டுகிற சீட்டு இல்லை. கல்யாணப் புடவை எடுக்கிறவர்கள் அதைப் பிரித்துப் படிப்பார்கள். அமாவாசையில் அறுத்ததா, செவ்வாயில் அறுத்ததா என்று பார்ப்பார்கள். அறுத்தவர் என்ற இடத்தில் இருப்பது எப்போதும் ஓர் ஆண் பெயர், அதனால் அதை யாரும் நின்று படித்ததில்லை.

காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். நல்ல நெசவாளி. ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு பத்தே நாளில் போய்விட்டார். தறியில் பாதிப் புடவை நின்றது. பிள்ளைகள் இல்லை. மனைவி, அவரைப் பச்சையம்மாள் என்று வைத்துக்கொள்வோம், முப்பது வயது இருக்கும். அப்புறம் ஏகாம்பரத்தின் தாயார், அவரும் வெகு காலத்துக்கு முன்பே கணவனை இழந்தவர். பதினாறாம் நாள் முடிந்து மூன்று வாரத்தில் அந்தப் பாதிப் புடவை முழுப் புடவையாகச் சங்கத்துக்கு வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிப் பச்சையம்மாள் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றார். தணிகாசலம் அதை விரித்து, முந்தியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஏகாம்பரத்தின் கை எங்கே நின்றது, இன்னொரு கை எங்கே ஆரம்பித்தது என்று தேடினார் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. மடித்து என் பக்கம் தள்ளி, ஏகாம்பரம் பேரையே போடு என்றார்.

செத்துப் போனவர் பெயரையா என்று கேட்டேன்.

“தறி ஏகாம்பரத்துது. சீட்டு ஏகாம்பரம் பேருல. நமக்கு அதுக்கு மேல இன்னாத்துக்குபா?”

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை தறி பார்க்க, அதாவது புடவை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துவர, அந்த வீட்டுக்குப் போனேன். குனிந்து நுழையும்போது தறியில் பச்சையம்மாள், கரைக்கு நாடா வாங்கிக் கொடுக்கும் இடத்தில் மாமியார். என் நிழலைக் கண்டதும் பச்சையம்மாள் தறிக்குழியிலிருந்து சட்டென்று ஏறி நின்றார். “சும்மா உக்காந்து பாத்துக்கினு இருந்தேன் சார்” என்றார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பொட்டில்லாத நெற்றியில் வியர்வை நன்றாகவே தெரியும். பெண்கள் தார் சுற்றலாம், இழை பிரிக்கலாம், பாவுக்குக் கஞ்சி தடவலாம், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கலாம். அதையெல்லாம் அவர்களே சும்மா இருப்பது என்றுதான் சொல்வார்கள். குழியில் இறங்கி உட்கார்ந்தால் மட்டும் அது நெசவு, அது ஆணுக்கு. அதிலும் தாலி இல்லாதவள் கூரைப் புடவை நெய்தாள் என்று வெளியே போனால் அந்தப் புடவையை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒரே தறியில் இரண்டு பேரும் அப்படிப்பட்டவர்கள். அவர்கள் நெய்ததை ஊரெல்லாம் மணவறைக்குக் கட்டிக்கொண்டு போயிற்று.

எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வயதில் எனக்குப் பொறுக்காத விஷயங்கள் நிறைய. தேரடியில் வாரத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். வேலை முடிந்ததும் நேராக அங்கே போய் நிற்பேன். ஒருநாள் வந்த பேச்சாளர் விதவைகளைப் பற்றிப் பேசினார். பூவை யார் பறித்தது, பொட்டை யார் அழித்தது என்று கேட்டார். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன். அறைக்குத் திரும்பிப் படுத்தவனுக்குப் பச்சையம்மாளின் வியர்வை ஞாபகம் வந்தது. உலகத்தைத் திருத்த எனக்கும் ஒரு வழி கைவசம் இருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் காலை பச்சையம்மாள் புடவையோடு வந்தார். அரக்கு உடல், மாம்பழக் கரை. இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. தணிகாசலம் ஏதோ கல்யாணத்துக்கு லீவு. நான் மைக்கூட்டைக் கிட்டே இழுத்து, ஒரு புது நிப்பு மாட்டி, என் வாழ்க்கையிலேயே அழகாக எழுதிய எழுத்தை எழுதினேன். அறுத்தவர்: பச்சையம்மாள். அந்த ‘ள்’ மேல் புள்ளியை வட்டமாக வைத்தது கூட நினைவிருக்கிறது. இரண்டு சொற்களையும் சேர்த்துப் படித்தால் அந்தத் தெருக்களில் என்ன பொருள் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வயற்காட்டுக்காரனுக்கு அறுப்பு என்றால் அறுப்புத்தானே.

அவர் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தார். ஐந்தடி தூரம். நான் கேட்கவில்லை. எழுதியதைப் படித்தும் காட்டவில்லை. என்றைக்காவது தெரிந்துகொண்டு சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு கார் வந்து நின்றது. செய்யாற்றுப் பக்கத்துப் பெண்வீட்டார். இரண்டு ஆண்கள், கூடவே பெண்ணின் அத்தை. அந்த அம்மாள் பிறந்த வீடு இதே ஊர்ப் பிள்ளையார்பாளையம், நெசவாளர் குடும்பம். சாமி முன்னால் வைத்துப் பிரித்தபோது சீட்டைப் பார்த்திருக்கிறார். பெண் பெயர் எப்படி இங்கே வந்தது என்று பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பி விசாரித்தும் இருக்கிறார். ஒரே நாளில் தெரிந்துவிட்டது. புடவையையும் சீட்டையும் தலைவர் மேஜையில் வைத்தார்.

“அறுத்தவ அறுத்தத எங்க பொண்ணு எப்படிங்க கட்டும்? நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க.”

அவர் கத்தவில்லை. அழுதுவிடுவார் போலத்தான் இருந்தார். தலைவர், பையன் ஏதோ தப்பாக எழுதிவிட்டான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர்கள் வேறு புடவை வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்றிருந்த நெசவாளர்கள் சீட்டில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். ஒருவர் சிரித்தார், அப்புறம் இன்னொருவர். சாயங்காலத்துக்குள் அது தெருவெல்லாம் போய்ச் சேர்ந்தது. அச்சில் ஒரு பாதி, என் கையெழுத்தில் ஒரு பாதி என்று அப்படி ஒரு வசவு இதற்கு முன்னால் யாருக்கும் கிடைத்ததில்லை.

தலைவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. என் கையெழுத்துமேல் அவருக்கு அவ்வளவு பிரியம். தணிகாசலத்தைக் கூப்பிட்டு, அந்தத் தறிக்கு இனிமேல் பாவு கொடுக்க வேண்டாம் என்றார். பாவு என்பது நீள வாக்கில் ஓடுகிற இழைக்கட்டு, சங்கம்தான் கொடுக்கும். அது இல்லாவிட்டால் தறி வெறும் மரம். நல்ல மனுஷி, பாவம் என்று தணிகாசலம் இழுத்தார்.

“தெரியாத வரைக்கும் ஒண்ணும் இல்ல தணிகாசலம். இப்ப எழுத்துல வந்துடுச்சே” என்றார் தலைவர்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி வந்த புடவையை என்ன செய்வது? தணிகாசலம் என் சீட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுச் சீட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். விரலால் இடத்தைக் காட்டினார். அறுத்தவர்: ஏகாம்பரம் என்று எழுதினேன். அதே மை, அதே நிப்பு. அந்த வாரமே அதே அரக்குப் புடவையை இன்னொரு பெண்வீட்டார் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்கள். உயிரோடு நெய்தவள் பெயரில் ஆகாத புடவை, செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆனவர் பெயரில் மணவறை ஏறிவிட்டது. இதைவிடக் கேவலமாக ஒரு விஷயத்தை நான் அப்புறமும் எழுதியதில்லை. ராஜினாமா செய்யவும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அங்கேயே இருந்து மேனேஜராக ஓய்வு பெற்றேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அதையும் பெருமையாகச் சொல்லவில்லை. வாசலிலிருந்தே தறி தெரிந்தது. ஒரு பாவில் மூன்று புடவை வரும், அந்த அரக்குப் புடவை மூன்றாவது. அதை அறுத்தபின் மிச்சமிருந்த இழை நுனிகள் தறியில் தொங்கின. புதுப் பாவு வந்தால் ஒவ்வோர் இழையாக அந்த நுனிகளோடு பிணைப்பார்கள். பச்சையம்மாள் அவை கலையாமல் இருக்கக் கொத்துக் கொத்தாக முடிந்து வைத்திருந்தார். செய்தி தெரிந்த பிறகும் முடிந்து வைத்திருந்தார். நான் நின்றபடியே, உழைத்தவர் பெயர் வர வேண்டும் என்றுதான் எழுதினேன், உங்களைக் கெடுக்க நினைக்கவில்லை என்று ஒப்பித்தேன். தேரடிப் பேச்சின் சாயல் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

அவர் முழுவதையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“உங்களுக்கு எம்பேர எழுதணும். எனக்குத் தறி ஓடிக்கினு இருக்கணும். எது வேணும்னு என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல சார்? அங்கியேதான நின்னுக்கினு இருந்தேன்.”

மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் என்னைப் பார்க்காமலேயே, எழுதாம இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துது என்றார்.

தனியார் கடைகளிலும் பாவு கிடைக்கவில்லை. கதை முன்னாலேயே அங்கே போயிருந்தது. சில மாதம் பச்சையம்மாள் மற்ற வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தார். தை மாதத்தில் தறியைக் கழற்றி விற்றார்கள் என்று தணிகாசலம் சொன்னார். மாமியார் அந்த வருஷப் பங்குனித் திருவிழாவுக்கு முன்பே இறந்துபோனார். அப்புறம் அந்த வீட்டில் வேறு யாரோ குடிவந்தார்கள்.

ஐந்தாறு வருஷம் கழிந்திருக்கும், பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மாளைப் பார்த்தேன். வேறு ஓர் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒரு மூட்டையோடு நின்றார். அந்த ஊரும் பட்டு நெய்கிற ஊர்தான். நான் மறைந்துகொள்ளப் பார்த்தேன், அவர் பார்த்துவிட்டார். நலமா என்று அவர்தான் முதலில் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்றார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தம்பி வீட்டோடு இருக்கிறேன், சும்மாதான் என்றார். அந்தச் சும்மாவுக்கு எனக்கு இப்போது பொருள் தெரியும். அவர் கையைப் பார்த்தேன். நாடா தள்ளுகிற விரல் காய்த்துப்போயிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டவர் படியில் ஏறுமுன் திரும்பி, “தம்பி பேருல ஓடிக்கினு இருக்குது. எழுதிடாதீங்க சார்” என்றார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சீட்டுகள் இல்லை. எண்பதுகளில் ஒரு புது மேனேஜர் வந்து, இது என்ன அசிங்கமான வார்த்தை என்று, நெய்தவர் என்று மாற்றி அச்சடித்தார். தெருவிலும் அறுத்தாச்சு என்று யாரும் சொல்வதில்லை, கட் பண்ணியாச்சு என்கிறார்கள். அந்த வசவும் குழாயடியோடு போய்விட்டது. பெண்கள் குழியில் உட்கார்ந்து நெய்கிறார்கள், படம் பிடித்து அட்டையில் போடுகிறார்கள். நல்லதுதான். யாரையும் கெடுக்காமல் ஒரு பெண்ணின் பெயரைப் புடவையில் எழுத முடிகிறது.

அந்த அட்டையை ஏன் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன் என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா? பேத்தி செல்போனை நீட்டி, தறியிலிருந்த அந்தப் பெண் சிரித்துப் பேச ஆரம்பித்தபோது, நான் அவள் பேசியதைக் கேட்கவில்லை. அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானை மறைத்திருந்தது, தெரியவில்லை. அட்டையில் இருக்கிற படத்திலாவது தெரியுமா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். என் பேத்தி கட்டப்போகிற புடவை. தேரடியில் கைதட்டிய அதே ஆள்தான். பேத்தி, என்ன தாத்தா, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

பச்சையம்மாள் என்பது அவர் பெயர் இல்லை. எழுதிவிடாதீர்கள் என்று பஸ் ஏறுமுன் கேட்டுக்கொண்டார். அவருடைய உண்மையான பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். அந்தச் சீட்டைத் தணிகாசலம் கிழித்துப் போட்டுவிட்டார்.